சங்கரன்கோவிலிலிருந்து துபாய் எவ்வளவு தூரம்?



சங்கரன்கோவில் ரயில் நிலையத்தில் இரவு பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறுகிறவர், விடியும் நேரத்தில் சென்னை எழும்பூரில் இறங்குகிறார். ஏறக்குறைய 600 கிலோமீட்டர். பத்து மணி நேரத்துக்குச் சற்று கூடுதல்.

அதே ஊரிலிருந்து வளைகுடா வேலைக்குக் கிளம்புகிறவரின் கணக்கு வேறு. மதுரையிலிருந்து துபாய் நேர்க்கோட்டில் சுமார் 3,000 கிலோமீட்டர். பயணிகள் ஜெட் விமானம் உயரத்துக்குப் போனபின் மணிக்கு 850 கிலோமீட்டர் வாக்கில் பறக்கும். மேலே ஏறவும் கீழே இறங்கவும் ஆகும் நேரத்தையும் சேர்த்தால், நேர் விமானத்தில் சுமார் 4 மணி நேரம்.

ஆனால் பயணம் வீட்டு வாசலிலேயே தொடங்கிவிடுகிறது. ராஜபாளையம், திருவில்லிபுத்தூர் வழியாக மதுரை விமான நிலையம் போய்ச் சேர 3 மணி நேரம் வைத்துக்கொள்ள வேண்டும். வெளிநாட்டு விமானத்துக்கு 3 மணி நேரம் முன்பே அங்கே இருக்க வேண்டும். இறங்கிய பிறகு குடியேற்றச் சோதனை, பெட்டி எடுப்பது என்று இன்னொரு மணி நேரம். கூட்டினால் 11 மணி நேரம். எழும்பூருக்கு ஆகும் நேரத்திலேயே ஐந்து மடங்கு தூரத்தைக் கடந்தாயிற்று!

முன்பு இப்படியா இருந்தது? நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பல் ஏறியவர்கள் சிங்கப்பூரில் கால் வைக்கக் கிட்டத்தட்ட ஒரு வாரம் ஆகும். இன்று சென்னையிலிருந்து அதே சிங்கப்பூருக்கு விமானத்தில் சுமார் 4 மணி நேரம்தான். 1948 ஜூன் 8 அன்று பம்பாயிலிருந்து லண்டனுக்குக் கிளம்பிய ஏர் இந்தியாவின் முதல் வெளிநாட்டு விமானம்கூட கெய்ரோவிலும் ஜெனீவாவிலும் இறங்கித்தான் போனது.

பயணச்சீட்டைப் பார்க்கும்போது கடிகாரம் நம்மைக் குழப்பும். துபாய் நேரம் நம் நேரத்துக்கு ஒன்றரை மணி பின்னால். மதுரையில் பகல் 12 மணிக்குக் கிளம்பும் விமானம் 4 மணி நேரம் பறந்தாலும், அங்கே இறங்கும்போது மணி இரண்டரைதான். துபாயில் 12 மணிக்குக் கிளம்பித் திரும்பினாலோ, மதுரையில் மணி ஐந்தரை. சீட்டில் அச்சாகும் இரண்டு நேரங்களும் அந்தந்த ஊரின் நேரங்கள். அவற்றைக் கழித்துப் பயண நேரம் சொல்லக் கூடாது.

இதைவிடப் பெரிய ஆபத்து நள்ளிரவு விமானத்தில் இருக்கிறது. சீட்டில் '15ஆம் தேதி 00.30' என்றிருந்தால், அது 14ஆம் தேதி முடிந்து அரை மணி நேரம் ஆன பொழுது. திருவனந்தபுரத்தில் ஏறுவதானால், செங்கோட்டை, ஆரியங்காவு மலைப்பாதைக்கு நாலரை மணி நேரம் ஒதுக்க வேண்டும். ஆகவே, முன்பு சொன்ன 3 மணி நேரத்தையும் சேர்த்தால், 14ஆம் தேதி மாலை 5 மணிக்கே வண்டி சங்கரன்கோவிலை விட்டுக் கிளம்பியாக வேண்டும். 15ஆம் தேதி இரவு போய் நின்றால், விமானம் முந்தைய இரவே போயிருக்கும்.

ஆடித்தபசுத் திருவிழாவுக்கு ஊர் வரும் பிள்ளைகளே, விமானம் இறங்கும் நேரத்தை வீட்டுக்குச் சொல்லும்போது, தேதியையும் அது எந்த ஊர் நேரம் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.