நெட் இல்லாத நாளில் இந்தத் திட்டம் என்ன ஆகும்?

ஒரு அலுவலகம் கவுண்டரை மூடிவிட்டு, எல்லாவற்றையும் ஆப்புக்கு மாற்றப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். நல்ல திட்டமா என்று கேட்டால், நெட் நன்றாகக் கிடைக்கிற ஒரு நாளை நினைத்துத்தான் பதில் சொல்கிறோம்.

1970-களின் தொடக்கத்தில் ஷெல் எண்ணெய் நிறுவனத்தில் பியர் வாக் குழுவினர் வேறு மாதிரி யோசித்தார்கள். எண்ணெய் விலை இப்படியே இருந்தால் என்ன, திடீரென ஏறினால் என்ன என்று பல எதிர்காலங்களை எழுதிப் பார்த்தார்கள். 1973 அக்டோபருக்குப் பிறகு சில மாதங்களில் விலை ஏறக்குறைய நான்கு மடங்கானது. அவர்கள் ஜோசியம் சொல்லலீங்க. எது வந்தாலும் என்ன செய்வது என்று கேட்டு வைத்திருந்தார்கள். இதற்கு சினாரியோ பிளானிங் என்று பெயர்.

நம்ம ஆப்பையும் அப்படிப் பார்க்கலாம். நெட் இருக்குமா? போன் சம்பந்தப்பட்டவர் கையில் இருக்குமா? இரண்டையும் சேர்த்தால் நாலு நிலைமை. இரண்டும் இருந்தால் பிரச்சினையே இல்லை, விடுங்க. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் பல இடங்களில் சிக்னலே போச்சு; போன் இருந்தும் பயனில்லை. எனக்குப் பெரிய கவலை இன்னொன்று. பாட்டி ஊரில் இருக்கிறார். பதிவான எண்ணோ திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் மகனுடையது. மகன் ஷிப்டில் இருக்கும்போது ஓடிபி வந்து காலாவதியாகிவிடும். பாட்டியின் பென்ஷன் மனு அப்படியே நிற்கும்.

ஒரு கவுண்டரை விட்டுவைத்தால் பாட்டிக்கு வழி உண்டு. ஆனால் வெள்ளத்தில் அங்கேயும் நெட் இருக்காதே! மனுவைக் காகிதத்தில் வாங்கி ரசீது தர ஏற்பாடு வேண்டும். செலவு கொஞ்சம் கூடத்தான் செய்யும். அதையும் சேர்த்துத்தான் திட்டத்தை எடை போட வேண்டும். கருத்துக் கேட்டால், இந்த நாலு நிலைமையையும் எழுதி அனுப்புங்க.