மெஷினுக்குக் கடன் கேட்கும்போது மேசைக்கும் கேளுங்க

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியது)



கடன் வாங்கி ஓவர்லாக் மெஷின் போட்ட உறுப்பினர்கள் வீடுகளுக்குப் போயிருந்தோம். பல வீட்டில் மெஷினைச் சாதாரண மேசை மேலே தூக்கி வைத்திருக்கிறோம். கையைத் தூக்கியே தைப்பதால் சாயங்காலம் தோள்பட்டை விட்டுப் போகிறது. துணியும் தொங்குகிறது. பனியன் துணி இழுத்தால் நீளும். தொங்குகிற கனத்திலேயே இழுபட்டு, தையல் அலை அலையாக வரும். அந்தப் பீஸ் திரும்பி வந்தால் நஷ்டம் யாருக்கு? நமக்குத்தானுங்க.

பனியன் கம்பெனிகளில் பார்த்திருப்போம், மெஷின் மேசைக்குள் இறங்கி உட்கார்ந்திருக்கும். அதை நாமே செய்யலாம்.

8 அடிக்கு 4 அடி பிளைவுட், 18 மி.மீ. கனத்தில் ஒன்று வாங்கினால், 4 அடிக்கு 2 அடி அளவில் நாலு பலகை கிடைக்கும். நாலு பேர் சேர்ந்து வாங்கலாம். மெஷின் அளவை நியூஸ் பேப்பரில் வரைந்து வெட்டி, பலகையில் வைத்து ஆசாரியிடம் காட்டுங்க. நூல் கோக்க முன் மூடி திறக்க வேண்டும். அதற்கும் இடம் விடணும். வெட்டின ஓரத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கணும், இல்லாவிட்டால் துணி மாட்டும்.

மெஷின் உட்கார, பலகைக்குக் கீழே நாலு போல்ட்டில் இன்னொரு சின்னப் பலகை. அதிர்வு குறைய ரப்பர் துண்டு வைங்க. பெல்ட் இறங்கவும் வெட்டுத் துணி விழவும் ஓட்டை வேண்டும். ஸ்கேலைக் குறுக்கே வைத்தால் தையல் தட்டும் மேசையும் ஒரே மட்டமாக இருக்கணும்.

காலுக்கு வெல்டிங் பட்டறையில் இரும்பு ஆங்கிள். உயரம் எவ்வளவு? உட்கார்ந்து, தோளைத் தளர்த்தி, முழங்கையை மடக்கினால் கை எங்கே நிற்கிறதோ அதுதான் உங்கள் மேசை உயரம். அக்காவுக்கு ஏத்தது தங்கச்சிக்கு ஏத்ததா இருக்காது.

பெல்ட்டுக்குத் தகர மூடி கட்டாயம். முந்தானை, கூந்தல், குழந்தை விரல் எதுவும் சிக்கக் கூடாது. எர்த் உள்ள மூணு பின் பிளக்தான் போடணும். ஊசி மாற்றும்போது பிளக்கைப் பிடுங்கிடுங்க.

1996இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 177ஆவது உடன்படிக்கையை நிறைவேற்றியது. வீட்டிலிருந்து கூலிக்கு வேலை செய்பவர்களுக்கும் மற்ற தொழிலாளர்களுக்குச் சமமான பாதுகாப்பு வேண்டும் என்கிறது அது. இந்தியா அதை இன்னும் ஏற்கவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்டுக்கொண்டே இருப்போம். அதுவரை நம்ம உடம்பை நாமதான் பார்த்துக்கணும்.

இனி மெஷின் கடனுக்குத் தீர்மானம் எழுதும்போது, மேசைச் செலவையும் சேர்த்தே எழுதுவோம்.