ஒரு நிலம், மூன்று எண்கள்



என் பாட்டியிடம் ஒரு மஞ்சள்பை இருந்தது. புதுச்சேரியில், பாகூர்ப் பக்கத்தில் எங்களுக்கு இருந்த மனைக்கும் அதை ஒட்டிய கொல்லைக்கும் உரிய காகிதங்கள் எல்லாம் அதில்தான் இருந்தன. நான்காய் மடித்த பிரெஞ்சுப் பத்திரம் ஒன்று. மடிப்புகள் கிழிந்துவிடாமல் இருக்க யாரோ பின்புறம் மல்துணி ஒட்டியிருந்தார்கள். இரண்டாவது பட்டா. மூன்றாவது, ரப்பர் பேண்ட் போட்ட வீட்டுவரி ரசீதுக் கட்டு. பாட்டிக்கு எழுத்து தெரியாது. ஆனால் கையைப் பைக்குள் விட்டால், தடவிப் பார்த்தே எது எந்தக் காகிதம் என்று சொல்லிவிடுவார்.

பாட்டி இறந்த பிறகு, பட்டாவைப் பெயர் மாற்ற அந்தப் பையை எடுத்துக்கொண்டு நான் அலைந்தேன். பத்திரத்தில் காதாஸ்தர் எண், அதாவது பிரெஞ்சு நில அளவை எண் இருந்தது. பட்டாவில் ஆர்.எஸ். எண், அதாவது மறுஅளவை எண் இருந்தது. ரசீதில் கதவு எண். மூன்றும் ஒரே இடத்தைத்தான் சொல்கின்றன என்பதற்குக் காகிதத்தில் ஒரு வரிகூட ஆதாரம் இல்லை. என் தாத்தாவின் பெயரில் ழகரம் உண்டு. பிரெஞ்சு எழுத்தர்கள் ழகரத்துக்கு ஜகர ஒலி தரும் எழுத்தைப் போடுவது வழக்கம். ஏழுமலை என்ற பெயரை எழுதினால் அது எஜுமலை என்று படிக்கும்படி இருக்கும். தமிழரசி, தமிஜரசி ஆவாள். பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கும் ஆங்கிலத்திலிருந்து மறுபடி தமிழுக்கும் பெயர் ஏறி இறங்கியதில் எங்கள் தாத்தா இரண்டு ஆளாகிவிட்டார். "இவர் வேறு, அவர் வேறு" என்று ஓர் அலுவலகத்தில் மனுவைத் திருப்பிக் கொடுத்தார்கள். இருவரும் ஒருவரே என்று நிரூபிக்க எங்களுக்குப் பதினொரு மாதம் ஆயிற்று. என் வாழ்நாள் ஆய்வுக்கு அந்தப் பதினொரு மாதம்தான் தொடக்கம்.

புதுச்சேரிக் கிராமங்களில் ஒரு துண்டு நிலம் மூன்று இடங்களில் வாழ்கிறது. சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரமாக, நில அளவை மற்றும் வருவாய்த் துறைகளில் பட்டாவாகவும் புலப்படமாகவும், உள்ளாட்சி அமைப்பான கொம்யூன் பஞ்சாயத்தில் வீட்டுவரிப் பதிவாக. பத்திரம் யார் யாருக்கு விற்றார் என்று சொல்லும். பட்டா அரசு யாரிடம் நிலவரி கேட்கிறது என்று சொல்லும். வீட்டுவரிப் பதிவேடு அந்தக் கட்டடத்துக்கு யார் வரி கட்டுகிறார் என்று சொல்லும். ஒன்றிடம் கேட்கவேண்டிய கேள்விக்கு மற்றொன்றில் பதில் தேடுவதால்தான் பாதி வழக்குகள் வருகின்றன.

இதில் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. வருவாய்ப் பதிவேட்டில் பெயர் மாறுவதால் மட்டும் உரிமை பிறப்பதும் இல்லை, அழிவதும் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1996இல் சவர்னி எதிர் இந்தர் கௌர் வழக்கில் சொன்னது. ஆனாலும் நம் ஊர்களில் "முப்பது வருஷமா நான்தானே வரி கட்டறேன்" என்பது இன்றும் கடைசி வாதமாக வந்து நிற்கிறது. படித்தவர்கள் இதை அறியாமை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. 1854 சனவரி 16ஆம் தேதிய பிரெஞ்சு ஆணையை எடுத்துப் பாருங்கள். அதற்கு முன் நிலத்தின் மேல் அரசே மேலுரிமை கொண்டாடியது. உழுது வரி செலுத்திவந்தவனின் உரிமை இழுபறியில் இருந்தது. அந்த ஆணைதான் வரி செலுத்தி நிலத்தை வைத்திருந்தவர்களை முழு உரிமையாளர்களாக ஏற்றது. அன்று வரி ரசீது வெறும் ரசீதாக இருந்திருக்காது. ஒரு குடியானவன் அதைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியதற்குக் காரணம் இருந்தது. அந்த நினைவு நான்கைந்து தலைமுறை தாண்டி அவன் வழிவந்த ஒருத்தியின் வாயில் வருகிறது என்பது என் ஊகம். அதை மதித்துவிட்டுத்தான் இன்றைய சட்டம் வேறு என்று அவளுக்குச் சொல்லவேண்டும்.

எல்லை எழுதுவது இந்த மண்ணுக்குப் பிரெஞ்சுக்காரர் கொண்டுவந்த பழக்கமும் அன்று. 1879இல் பாகூரில் கிடைத்த செப்பேடுகள் பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்தவை. பாகூரிலிருந்த வித்யாஸ்தானத்துக்கு, அதாவது கல்விச்சாலைக்கு, மூன்று ஊர்களைக் கொடையாகக் கொடுத்ததை அவை பதிவு செய்கின்றன. பல்லவர் காலத்தில் எல்லையைச் சுற்றி நடந்து, கல்லும் கள்ளியும் நட்டு, ஓலையில் எழுதுவார்கள். இன்றும் நம் பத்திரங்களில் 'செக்குபந்தி' என்று தலைப்பிட்டு, கிழக்கே இன்னாருடைய நிலம், மேற்கே வாய்க்கால் என்று நான்கெல்லை எழுதுகிறோமே, அந்தப் பழக்கத்துக்கு இங்கே ஆயிரம் ஆண்டுக்கு மேல் வயது. ஆய்வாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: எண்ணைத் தேடுவதற்கு முன் செக்குபந்தியைப் படியுங்கள். எண் மாறும், பட்டாதாரர் மாறுவார். ஏரியிலிருந்து வரும் வாய்க்கால் அவ்வளவு சீக்கிரம் இடம் மாறாது. எங்கள் தாத்தாவின் நிலத்தைக் கடைசியில் அடையாளம் காட்டியது ஒரு மதகுதான்.

எண்ணைப் போலவே ஊரின் நிர்வாகப் பிரிவும் மாறியிருக்கிறது. 1880ஆம் ஆண்டு பிரெஞ்சு இந்தியாவில் பத்துக் கொம்யூன்கள் அமைந்தபோது புதுச்சேரிப் பகுதிக்குக் கிடைத்தவை நான்கு: புதுச்சேரி, உழவர்கரை, வில்லியனூர், பாகூர். 1907இல் அவை எட்டாயின. இந்திய ஆட்சியில் 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இன்றுள்ள கொம்யூன் பஞ்சாயத்துகள் வந்தன. இந்த மாற்றங்களை நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஆனால் ஒரு பத்திரம் கையில் வந்தால், அது எழுதப்பட்ட ஆண்டில் அந்தக் கிராமம் எந்தக் கொம்யூனில் இருந்தது என்று பார்த்தே ஆகவேண்டும். இன்றும்கூடக் கொம்யூன் வேறு, தாலுகா வேறு. மண்ணாடிப்பட்டுக் கொம்யூன்காரர் நிலத்துக்கு வில்லியனூர் தாலுகாவுக்கு வரவேண்டும். நெட்டப்பாக்கத்துக்காரர் பாகூர் தாலுகாவுக்குப் போகவேண்டும். வீட்டுவரிக்கு மட்டும் அவரவர் கொம்யூன். இது தெரியாமல் பேருந்துக் காசை வீணாக்கியவர்கள் இந்த அவையிலேயே பலர் இருப்பீர்கள். கடலூர், விழுப்புரம் மாவட்ட ஊர்களோடு பின்னிக் கிடக்கும் நம் நிலப்பரப்பில் வரப்புக்கு அந்தப் பக்கம் தமிழ்நாடு என்றால், அங்கே பட்டாவும் பதிவும் வேறு அலுவலகத்தில்.

காதாஸ்தர் என்பது பிரெஞ்சு ஆட்சி எடுத்த நில அளவையின் பதிவு. அதன் எண்தான் பழைய பத்திரங்களில் இருக்கிறது. புதுச்சேரி இந்தியாவோடு இணைந்த பிறகு, 1967ஆம் ஆண்டின் அளவை, எல்லைகள் சட்டமும் 1970ஆம் ஆண்டின் நிலவரித் திட்டச் சட்டமும் வந்து, நிலங்கள் மறுபடி அளக்கப்பட்டன. அப்போது கிடைத்ததுதான் ஆர்.எஸ். எண். அதன் வழியாக வந்ததுதான் நாம் இன்று வாங்கும் செட்டில்மெண்ட் நகல். ஒரு காதாஸ்தர் எண் பல ஆர்.எஸ். எண்களாகப் பிரிந்திருக்கலாம், பல காதாஸ்தர் எண்கள் ஒன்றாகச் சேர்ந்திருக்கலாம். நல்ல பத்திர எழுத்தர் இரண்டையும் அடுத்தடுத்து எழுதுவார். கவனக்குறைவானவர் பழையதை விட்டுவிடுவார். அன்றே சங்கிலி அறுந்துவிடும். புதுச்சேரி அரசின் நிலமகள் இணையதளத்தில் இன்று ஆர்.எஸ். எண்ணைப் போட்டால் பட்டா வருகிறது. பாராட்ட வேண்டிய வேலை. ஆனால் மஞ்சள்பையில் இருப்பது காதாஸ்தர் எண். அதைப் போட்டுத் தேட ஊர்வாரியான அட்டவணை வேண்டும்.

அளவையிலும் ஒரு பொறி இருக்கிறது. பட்டாவில் 0-12-50 என்று இருந்தால் அது எக்தார், ஆர், சென்டியார். நம்மவர்கள் நடு எண்ணைப் பார்த்து "பன்னிரண்டு சென்ட்" என்று சொல்லிவிடுகிறார்கள். 12 ஆர் 50 சென்டியார் என்பது 1,250 சதுர மீட்டர். சென்டில் சொன்னால் ஏறக்குறைய 31. நம் ஊர்க் குழிக்கணக்கில், 24 அடிக்கு 24 அடி, அதாவது 576 சதுர அடி ஒரு குழி என்றால், 23 குழிக்குச் சற்று மேல். வேறு ஊர்களில் 144 சதுர அடியைக் குழி என்பார்கள். விற்பவர் ஒரு குழியும் வாங்குபவர் இன்னொரு குழியும் மனத்தில் வைத்துக் கைகுலுக்கிய பேரங்கள் உண்டு.

இன்னொன்றைச் சற்று நிதானமாகச் சொல்லவேண்டும். பழைய பத்திரங்களில் தகப்பன் மட்டும் கையெழுத்துப் போட்டுப் பரம்பரைச் சொத்தை விற்றிருப்பதைப் பார்த்து, "மகன்கள் கையெழுத்து எங்கே, இது செல்லாதே" என்று இளம் ஆய்வாளர்கள் எழுதிவிடுகிறார்கள். பிரெஞ்சு இந்தியாவில் இந்துக்களுக்கு வழங்கிய வழக்கச் சட்டத்தில் மகனுக்குப் பிறப்பாலே பங்கு கிடையாது. தகப்பன் உயிரோடு இருக்கும்வரை சொத்து அவர் சொத்து. 1963 அக்டோபர் 1க்குப் பிறகுதான் இந்து வாரிசுரிமைச் சட்டம் இங்கே வந்தது. பக்கத்திலேயே கடலூரில் வேறு சட்டம், இங்கே வேறு சட்டம். ஆகவே பத்திரத்தின் தேதியைப் பார்க்காமல் அதன் செல்லுபடியைப் பேசாதீர்கள். வில்லங்கச் சான்றும் அப்படித்தான். இணைப்புக்குப் பின் வந்த பதிவுமுறையின் புத்தகங்களில் உள்ளதைத்தான் அது காட்டும். பிரெஞ்சு நோட்டரி முன்னால் எழுதிய பத்திரம் அதில் வராததால் அப்படி ஒன்று இல்லை என்று ஆகிவிடாது.

அத்தகைய பத்திரத்தைத் தேடப் போகவேண்டிய இடங்கள் நமக்கு அருகிலேயே உள்ளன. இலாசுப்பேட்டையில் தேசிய ஆவணக் காப்பகத்தின் புதுச்சேரி மையம் இருக்கிறது. 1911இல் தொடங்கிய பிரெஞ்சு இந்திய வரலாற்றுக் கழகமும், பழைய ஆவணங்களைப் பட்டியலிட்ட எட்மன் கோதாரும் நமக்கு வழி போட்டு வைத்தவர்கள். ஒரு பகுதி பிரான்சில், எக்ஸ்-ஆன்-புரொவான்ஸ் நகரிலுள்ள கடல்கடந்த நாடுகளின் காப்பகத்தில் கிடக்கிறது. அந்தக் காகிதங்களைக் கொண்டு வணிக வரலாறு எழுதினோம், கோட்டை வரலாறு எழுதினோம், ஆளுநர் துய்ப்ளேயை எழுதினோம், நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கரை எழுதினோம். பாகூர்க் குடியானவனின் காதாஸ்தர் எண் இன்று எந்த ஆர்.எஸ். எண் என்பதை மட்டும் எழுதவில்லை. இதில் என் தலைமுறையின் தவறு பெரிது, நான் உட்பட.

எனவே நாம் இங்கே கூடியிருக்கும் இந்த இரண்டு நாளும் கட்டுரை வாசிப்போடு முடியக்கூடாது என்று கேட்கிறேன். ஓர் ஊரையாவது எடுத்து, காதாஸ்தர் எண்ணுக்கு எதிரே ஆர்.எஸ். எண்ணை எழுதிய அட்டவணையின் முதல் பக்கத்தையாவது நாம் முடிக்கவேண்டும். அதற்குப் பக்கத்திலேயே பெயர்ப்பட்டியல்: ழகரம் எப்படி எழுதப்பட்டது, குப்புசாமி எத்தனை விதமாக வந்திருக்கிறார் என்று. கொம்யூன் அலுவலகங்களில் பழைய வீட்டுவரிப் பதிவேடுகளைக் கழிக்கும் முன் எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று வேண்டுகோளும் அனுப்பவேண்டும். உரிமைக்கு அவை சான்று ஆகாமல் போகலாம். எந்த ஆண்டில் கூரைவீடு ஓட்டுவீடானது, யார் யார் குடியிருந்தார்கள் என்பதற்கு அவற்றைவிட நல்ல சாட்சி இந்த ஊர்களில் கிடையாது.

மதியம் இரண்டு மணிக்குப் பின்கூடத்தில் ஐந்து மேசை போட்டிருக்கிறோம். ஊர்க்காரர்கள் தங்கள் பைகளோடு அங்கே வருவார்கள். மாணவர்களே, கையைக் கழுவி நன்றாகத் துடைத்துக்கொண்டு உட்காருங்கள். மடிப்பை அமுக்கி நிமிர்த்தாதீர்கள். முதலில் செக்குபந்தி, பிறகு தேதி, அதன் பிறகு எண். படம் எடுக்கும் முன் உரியவரிடம் கேளுங்கள். எடுத்து முடித்ததும் மூலப் பத்திரத்தை அந்த நிமிடமே அவர் கையில் கொடுத்து, அவர் அதைப் பைக்குள் வைக்கும்வரை எழுந்திருக்காதீர்கள்.