ரத்தப் புற்றுநோய்: பேர் ஒண்ணு, செல் பலவிதம்

விருத்தாசலத்துல இருந்து பேசுறேன்.

நம்ம ஊர்ல ஒரு குழந்தைக்கு ரத்தப் புற்றுநோய்னு தெரிஞ்சா, பார்க்க வர்றவங்க இரண்டு கேள்வி கேட்பாங்க. "இன்னார் பிள்ளைக்குச் சீக்கிரம் சரியாச்சே, இவனுக்கு ஏன் இழுக்குது?" அப்புறம், "கவுன்ட் நார்மல்னு வந்தாச்சே, இன்னும் எதுக்குப் பாண்டிச்சேரிக்கும் சென்னைக்கும் அலையணும்?" இரண்டுக்கும் பதில் செல்லோட மரபணுவுல இருக்கு. நான் டாக்டர் இல்லை, சாஃப்ட்வேர் இன்ஜினியர். படிச்சதைச் சொல்றேன். சிகிச்சையை உங்க டாக்டர்தான் முடிவு பண்ணணும்.

முதல் கேள்வி. குழந்தைகளுக்கு அதிகமா வர்றது ஏ.எல்.எல். வகை. அதுக்குள்ளயே பி செல்லில் தொடங்குறது, டி செல்லில் தொடங்குறதுன்னு பிரிவுகள் உண்டு. மேலை நாடுகள்ல 100 குழந்தைகளில் சுமார் 15 பேருக்கு டி வகை. அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில அந்தப் பங்கு கூடுதலா இருந்தது. 1980-களில் இருந்து அடையாறு, மும்பை டாடா, டெல்லி எய்ம்ஸ் மூணும் எம்.சி.பி. 841-ங்கிற ஒரே சிகிச்சைத் திட்டத்துக்கு வந்தாங்க. திட்டம் ஒண்ணு, ஆனா வந்த நோய் ஒண்ணு இல்லை. 9-ஆம், 22-ஆம் குரோமோசோம் துண்டு மாறிக்கிட்ட குழந்தைக்கு இமாடினிப் மாதிரி மாத்திரை சேர்ப்பாங்க. பக்கத்துப் படுக்கையில இருக்கிற குழந்தைக்கு அது தேவையே இல்லாம இருக்கலாம்.

இரண்டாவது கேள்விதான் முக்கியம். ஒரே குழந்தையோட உடம்புலயும் எல்லாப் புற்றுச் செல்லும் ஒண்ணு இல்லை. நம்ம ஊர்ப் பீங்கான் பொம்மையை நினைச்சுக்கோங்க. ஒரு பொம்மையில இருந்து அச்சு எடுத்து, அந்த அச்சுல வார்த்த பொம்மையில இருந்து இன்னொரு அச்சு எடுத்தா, நடுவுல விழுந்த கீறல் பின்னாடி வர்ற எல்லாத்துலயும் இருக்கும். வேற அச்சுல வேற கீறல். செல்லும் இப்படித்தான் கிளை கிளையாப் பிரியுது. 2011-ல் லண்டன்ல மெல் கிரீவ்ஸ் குழு செல் செல்லாப் பார்த்து இதைக் காட்டினாங்க.

நோய் தெரியும்போது உடம்புல சுமார் ஒரு லட்சம் கோடி புற்றுச் செல் இருக்கலாம். முதல் மாச சிகிச்சையில பெரிய கிளைகள் சாயும், கவுன்ட் சரியாகும். மைக்ராஸ்கோப்ல நோய் தெரியாத நிலையிலயும் ஆயிரம் கோடி வரைக்கும் மிச்சம் இருக்கலாம். 2008-ல் அமெரிக்காவின் செயின்ட் ஜூட் மருத்துவமனைக் குழு, நோய் திரும்பின 61 குழந்தைகளோட பழைய, புதிய மாதிரிகளை ஒப்பிட்டாங்க. பலருக்குத் திரும்பி வந்த கிளை, முதல் நாளே சின்ன அளவுல இருந்திருக்கு. மருந்துக்குத் தப்பினது அதுதான்.

அதனாலதான் சிகிச்சை இரண்டு வருஷத்துக்கு மேல போகுது. பாதியில நிறுத்தினா, தப்பின கிளைக்கு நாமே இடம் விட்ட மாதிரி.

டாக்டர்கிட்ட மூணு கேளுங்க: இது எந்த வகை? மிச்ச நோயைத் தேடுற எம்.ஆர்.டி. சோதனை பார்த்தாச்சா? நோய் திரும்பினா, மரபணுச் சோதனையை மறுபடி எடுக்கணுமா? பழைய ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடாதீங்க, ஒப்பிட வேணும்.

பார்க்கப் போறவங்க ஒப்பிட்டுப் பேசாதீங்க. முடிஞ்சா அடுத்த தடவை பஸ் செலவுக்குக் கொடுங்க. சிகிச்சை பாதியில நிற்காம இருக்க அதுவும் உதவும்.