சிரட்டைக்கு யார் சீட்டு எழுதுவது?

(காமயகவுண்டன்பட்டியில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம்ம தெருப் பழஞ்சாமான்களைச் சேர்த்துக் கண்காட்சி வைக்கணும்னு தம்பிகள் கேட்டாங்க. உடனே ஒரு சண்டை. பறையை வைக்கலாமா, சிரட்டையை வைக்கலாமா? பெரியவர் ஒருத்தர் எழுந்து, "அத விட்டொழிக்கத்தானப்பா இம்புட்டுப் பாடுபட்டோம். திரும்பக் கண்ணாடிப் பெட்டியில வச்சுக் கும்பிடப் போறீகளா?" என்றார். தட்டிவிடக்கூடிய கேள்வி இல்லை அது.

அருங்காட்சியகம் நமக்குப் புதுசல்ல. 1885இல் சென்னை எழும்பூர் அருங்காட்சியகப் பொறுப்புக்கு வந்த எட்கர் தர்ஸ்டன், சாதிவாரியாக மூக்கை அளந்த வெள்ளைக்காரர். பறையர் மூக்கும் அளக்கப்பட்டது. 1909இல் அது ஏழு தொகுதிப் புத்தகமாக வந்தது. அங்கே நாம பார்க்கப் போனவர்கள் அல்ல, சரக்கு.

அமெரிக்காவில் செரோக்கி என்றொரு பழங்குடி மக்கள். 1821 வாக்கில் செக்கோயா என்பவர் தங்கள் மொழிக்குத் தாமே எழுத்து உண்டாக்கினார். அப்படிப்பட்டவர்களை 1838-39இல் ராணுவம் சொந்த மண்ணிலிருந்து மேற்கே விரட்டியது. செத்தவர்கள் ஏறத்தாழ 4,000 பேர் என்பார்கள். பூர்வகுடிகளின் எலும்பையும் புதைகுழிப் பொருளையும் அருங்காட்சியகங்கள் திருப்பித் தரவேண்டும் என்று சட்டம் வர 1990 ஆச்சு. வட கரோலினாவில் 1948இலிருந்து இருக்கிற அவர்கள் அருங்காட்சியகம், 2023இல் தன் பெயரிலிருந்த 'இந்தியன்' என்ற சொல்லை எடுத்துப் போட்டுவிட்டு 'செரோக்கி மக்கள்' என்று வைத்துக்கொண்டது.

இங்கே வாங்க. 2006இல் ஆண்டிப்பட்டிப் பக்கம் புலிமான்கோம்பையில் கிடைத்த நடுகல், கூடலூர் ஆகோளைத் தமிழி எழுத்தில் சொல்கிறது. நம்ம பக்கத்துக் கூடலூர்தான் என்பவர்கள் உண்டு. சந்தோசம். மாட்டைக் கவரப்போய்ச் செத்தவனுக்குக் கல் இருக்கு. செத்த மாட்டைத் தூக்கினவனுக்கு?

கமலைத் தோல் தைத்துக் கொடுத்தவர்கள் அருந்ததியத் தெருத் தாத்தாமார். அதை அவர்கள் பேரால் வைப்போம். அவர்களை நாமும் தள்ளி வைத்திருந்தோம் என்பதையும் பக்கத்திலேயே எழுதணும். கசந்தாலும் எழுதணும்.

எங்க அப்பாவுக்கு டீ சிரட்டையில்தான். கடைக்குப் பின்னால் கூரையில் செருகியிருக்கும். அவரே எடுத்து, குடித்து, கழுவி, திருப்பிச் செருகணும். காசு மட்டும் ஒரே காசு. இதுக்குப் 'பழங்காலக் குவளை'ன்னு சீட்டு ஒட்டினால் அது இன்னொரு அவமானம். யார் ஊத்தினது, யார் குடிச்சது, கண்ணாடி கிளாஸ் எந்த வருசம், யார் சண்டை போட்டு வந்தது, அத்தனையும் எழுதுங்க. குடித்தவர்களைக் கேட்டு எழுதுங்க.

ஞாயித்துக்கிழமை முதலில் அந்தப் பெரியவர் வீட்டுக்குப் போவோம். பறையைத் தரமாட்டேன்னு சொன்னால் வற்புறுத்த வேண்டாம். அந்த இடத்தைக் காலியாக விட்டு, ஏன் தரலைன்னு அவர் சொல்வதை அவர் பேச்சிலேயே எழுதி மாட்டுவோம்.