குழிச் சேறும் கரிப் பசளையும்



2021இல் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை வந்தபோது தேயிலை மலைகள் பட்ட பாட்டை நாம் மறக்கவில்லை. பசளை குறைந்தால் கொழுந்து குறையும். கொழுந்து குறைந்தால் நம் கிலோ குறையும். ஆகவே, மலசலகூடக் குழிச் சேற்றைக் கரியாக்கிப் பசளையாக இடலாம் என்று யாராவது சொன்னால் நாம் முகம் சுளிக்க வேண்டாம். விசாரிப்போம்.

சேற்றை நன்றாகக் காயவைத்து, காற்றுப் புகாத உலையில் சுமார் 500 பாகை செல்சியஸில் சூடாக்கினால் கரியாகும். கிருமியும் புழுமுட்டையும் அழியும். பொஸ்பரஸ் தங்கும். நைதரசன் பெருமளவு போய்விடும். ஆகவே யூரியாவுக்கு இது ஈடல்ல. அடுப்பிலும் எரிக்கலாம், ஆனால் சாம்பல் அதிகம், விறகுக் கரியின் சூடு வராது. ஈயம் போன்ற உலோகங்கள் கரியிலேயே தங்கிவிடலாம். தேயிலைக்குப் புளிப்பு மண் வேண்டும். இந்தக் கரி பெரும்பாலும் அந்தப் புளிப்பைக் குறைக்கும்.

பெரிய ஆபத்து ஈரச் சேற்றில்தான். அதை அள்ளப்போவது யார்? நம்மவர்தான். ஆகவே நாம் கேட்பது மூன்று:

குழிக்குள் ஆள் இறங்கக் கூடாது, பவுசர் இறைக்கட்டும்.

கையுறை, சப்பாத்து, தனிச் சம்பளம் வேண்டும்.

மண்ணையும் கரியையும் சோதித்த அறிக்கை தமிழில் நம் தலைவர்மார் கைக்கு வர வேண்டும்.

இவற்றை எழுத்தில் வாங்கிய பிறகே வேலைக்கு இறங்குவோம்.