காய்ச்சல் நாளில் சர்க்கரை

சர்க்கரை நோய் உள்ள ஒருவருக்கு ஃப்ளூ காய்ச்சல் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாய் கசக்கிறது, கஞ்சிகூட இறங்கவில்லை. "வெறும் வயிற்றில் இன்சுலின் எதற்கு? சாப்பிட ஆரம்பித்ததும் போட்டுக்கொள்ளலாம்" என்கிறார்கள் வீட்டில். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த நேரத்தில் சர்க்கரையைச் சோதித்தால், பலருக்கு வழக்கத்தைவிட ஏறித்தான் இருக்கும்.

சாப்பிடாதவருக்குச் சர்க்கரை எங்கிருந்து வந்தது? கல்லீரலிலிருந்து. வைரஸ் தொற்றினால் உடலில் கார்ட்டிசால், அட்ரினலின் போன்ற ஹார்மோன்கள் கூடுதலாகச் சுரக்கின்றன. உடனே கல்லீரல் தன்னிடமுள்ள குளுக்கோஸை ரத்தத்தில் இறக்கிவிடுகிறது. போதாக்குறைக்கு, இன்சுலினின் வேலையும் மந்தப்படுகிறது. மற்றவர்களுக்குக் கணையம் இன்னும் கொஞ்சம் இன்சுலின் சுரந்து சமாளித்துவிடும். சர்க்கரை நோயாளியின் கணையத்துக்கு அந்தத் தெம்பு இல்லை.

ஏறிய சர்க்கரை சும்மா இருப்பதில்லை. கிருமியை அழிக்க வேண்டிய வெள்ளணுக்களைச் சோம்பலாக்குகிறது. சாதாரணச் சளி நிமோனியாவாக முற்றும் ஆபத்து இவர்களுக்கு அதிகம் என்பது இதனால்தான்.

கோவிட் காலத்தில் இதைக் கண்ணெதிரே பார்த்தோம். மூச்சுத்திணறலுக்குக் கொடுத்த டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு பல உயிர்களைக் காத்தது, சர்க்கரையையும் ஏற்றியது. 2021இல் கறுப்புப் பூஞ்சைத் தொற்று பரவியபோது, கண்ணையும் உயிரையும் இழந்தவர்களில் பெரும்பாலோர் சர்க்கரை உள்ளவர்கள். அந்த மே மாதம் தமிழக அரசு அதை சுகாதாரத் துறைக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது.

ஆகவே, காய்ச்சல் நாட்களில் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை சர்க்கரையைப் பாருங்கள். கஞ்சி, மோர், தண்ணீர் என்று எதையாவது கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். டைப் 1 சர்க்கரை நோய் உள்ளவர்கள் இன்சுலினை அறவே நிறுத்தக் கூடாது. அளவை மட்டும் மருத்துவரைக் கேட்டு மாற்றலாம். சில மாத்திரைகளை, குறிப்பாக மெட்ஃபார்மினை, வாந்தி பேதி இருந்தால் தற்காலிகமாக நிறுத்தச் சொல்வார்கள். அதுவும் மருத்துவர் சொல்லித்தான். பக்கத்து வீட்டுக்காரர் சொல்லி அல்ல. வாந்தி நிற்காமல் மூச்சும் வாங்கினால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

ஆண்டுதோறும் ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள்வதும் நல்லது. அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது, "எனக்குக் காய்ச்சல் வந்தால் எந்த மருந்து, எவ்வளவு?" என்று கேட்டுச் சீட்டிலேயே எழுதி வாங்கி வையுங்கள்.